மலைவீட்டில் மூன்று நேரப் பட்டினி

இத்தாலியின் தெற்கே பலெர்மோவில் நான் வேலை செய்த வீட்டு எஜமானியம்மா, எங்கள் வாயில் சிஞ்ஞோரா, தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில், வடக்கே சுவிஸ் எல்லை மலையில் இருந்த தன் தங்கை வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "வேலைக்கு இல்லை, விருந்தாளியா வா" என்று அவரே வாய் திறந்து சொன்னார். ஐந்து வருடமாக அவருடைய தரையைத் துடைத்தவளுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. கபோ சந்தைக்குப் போய்ப் புதுச் சட்டை ஒன்று வாங்கினேன்.

என்னோடு அறையில் இருந்த மன்னார்ப் பெண்தான் வழியனுப்பினாள். "அக்கா, எல்லையைக் கண்ட உடனை அங்காலை பாஞ்சிடாதேங்கோ" என்று பகிடி பண்ணிவிட்டு, "சாப்பாடு தந்தா உடனை வாங்கிப்போடாதேங்கோ, காணாததைக் கண்டமாதிரி இருக்கும்" என்றாள். அவள் சொல்லவே தேவையில்லை. முதலில் வேண்டாம் என்பதுதானே எங்கள் வளர்ப்பு. பலெர்மோவிலும் அதே கதைதான். வேண்டாம் என்றால் விடமாட்டார்கள். மூன்று தரம் வற்புறுத்தி, கோபித்து, தட்டை நிறைத்துவிட்டுத்தான் ஓய்வார்கள்.

மலைவீடு வேறு மாதிரி. தங்கையின் புருஷன் மாடு வளர்ப்பவர், அதிகம் பேசாதவர். போன அன்று மத்தியானம் சோளமாக் களியும் உருகிய சீஸும் நிறைந்த தட்டை என் பக்கம் நீட்டினார். "வேண்டாம், நன்றி" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு அதைத் தன் மனைவியிடம் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். அந்த மலையில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் போலும். இரவுச் சாப்பாட்டிலாவது வற்புறுத்துவார்கள் என்று நினைத்து மறுபடி வேண்டாம் என்றேன். மறுபடி தலையாட்டினார். என் வீம்புக்கு நான்தான் பட்டினி கிடந்தேன்.

அடுத்த நாள் காலையில் வெறும் கோப்பி. மத்தியானம் எனக்கு யாரும் தட்டே வைக்கவில்லை. "அவளுக்குப் பசியில்லை. எங்களோடை இருக்கவும் கூச்சம். பாத்திரத்தைக் கழுவட்டும்" என்றார் சிஞ்ஞோரா. எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. மலைக்காரருக்குத் தெரியாது, சரி. பலெர்மோவில் மூன்று தரம் கேட்கிற வாயல்லவா இவருடையது? என் வேண்டாமுக்கு என்ன அர்த்தம் என்று அந்த மேசையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்துகொண்டே என்னைக் குசினிக்கு அனுப்பினார். நானும் போய்க் கழுவத் தொடங்கினேன், வெட்கக்கேடு.

அப்போது தங்கையின் புருஷன் ஒரு தாளோடு குசினி வாசலில் வந்து நின்று என் பெர்மெஸ்ஸோவை, இத்தாலியில் இருக்க எனக்குத் தந்த அனுமதிப் பத்திரத்தை, கேட்டார். வீட்டில் வெளிநாட்டவர் தங்கினால் பொலிசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எடுத்துக் கொடுத்தேன். மேசையில் உட்கார்ந்து என் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினார்.

"என்னவா வந்திருக்கிறா எண்டு போட?"

"வேலைக்காரி" என்றார் சிஞ்ஞோரா.

அவர் எழுதவில்லை. என்னைப் பார்த்தார். அந்த பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க சிஞ்ஞோராவின் கையெழுத்து வேண்டும். அது எனக்கு நன்றாகவே தெரியும். ஈரத்துணியைப் போட்டுவிட்டு வந்து காலியாகக் கிடந்த கதிரையில் உட்கார்ந்தேன்.

"விருந்தாளி எண்டு எழுதுங்கோ. சிஞ்ஞோராதான் அப்பிடிச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தவ" என்றேன். "எனக்குப் பசிக்குது. நேற்றே பசிச்சது. வேண்டாம் எண்டது எங்கடை ஆக்களின்ரை மரியாதை. இனி இஞ்சை சொல்லமாட்டன்."

அவர் விருந்தாளி என்று எழுதினார். பிறகு எழுந்து, தட்டு நிறையக் களியைப் போட்டு என் முன்னால் வைத்தார்.

சிஞ்ஞோராவின் முகம் சிவந்துவிட்டது. "அப்ப பாத்திரம் ஆர் கழுவுறது?"

"இவ்வளவு நேரமும் சாப்பிட்ட ஆக்கள் கழுவட்டும்" என்றேன்.

"பலெர்மோவுக்குப் போய்க் கதைப்பம்."

"ஓம், கதைப்பம்" என்றேன். பயம் இல்லை என்று சொன்னால் பொய். பயத்தோடுதான் சாப்பிட்டேன், ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் சிஞ்ஞோரா கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து குசினிக்குள் போனார். தண்ணீர் ஓடும் சத்தமும் பாத்திரங்கள் இடிபடும் சத்தமும் கேட்டன. என் கால்கள் பழக்கதோஷத்தில் எழும்பப் பார்த்தன. நான் எழும்பவில்லை. இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தட்டை நீட்டினேன்.