மாலை போட்ட கூண்டு

பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு நோட்டீஸ் வந்தபோது அதில் என் பெயர்தான் இருந்தது. எல்லாம் நடப்பது கணவரின் இஷ்டப்படி, லைசென்ஸ் மட்டும் என் பெயரில். திட்டு வாங்குவதற்கும் ஒரு முதலாளி வேண்டுமல்லவா?

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பவர் ப்ரெஸ். தகடு வெட்டும் மெஷின். கை உள்ளே போகாமல் தடுக்க அதன் முன்னால் ஒரு கம்பிவலை உண்டு, நாங்கள் கூண்டு என்போம். ஆயுத பூஜைக்கு ஆபரேட்டர் அதைக் கழற்றிக் கழுவி, விபூதிப் பட்டை இழுத்து, சாமந்தி மாலை போட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்தார். லீவு முடிந்து மெஷினை ஓட்டவேண்டிய நாள் வெள்ளிக்கிழமையாகப் போயிற்று.

"வெள்ளிக்கெழமையில மாலையக் கழட்டாத. நாளைக்கு மாட்டிக்கலாம். இன்னைக்கு ஒரு நாள் பாத்து ஓட்டு" என்றார் கணவர்.

அன்றைக்கென்று பார்த்துத்தான் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். கூண்டில்லாமல் ஓடிய ப்ரெஸ்ஸைப் பார்த்தார். மாலையும் கழுத்துமாக நின்ற கூண்டைப் பார்த்தார். "இது யாவாக தீர்கொண்டித்து?" என்று கேட்டார். எப்போது காலமானது என்று கன்னடத்தில் கேட்கிறார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மெஷினுக்குச் சீல் வைத்துவிட்டு, ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டு நோட்டீஸும் அனுப்பினார்.

ப்ரெஸ் ஓடாவிட்டால் எங்களுக்கு ஒர்க்‌ஷாப்பே இல்லை. கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து எழுந்து போனார். இந்த மாதிரி நோட்டீஸுக்குப் பதில் எழுதித் தரும் கன்சல்டன்ட் ஒருவருக்குப் போன் செய்தோம்.

"ஆபரேட்டர் சொல் பேச்சு கேக்காம தானே கழட்டிட்டார், வேலைய விட்டு நிறுத்திட்டோம்னு போடுங்க மேடம். சீல சீக்கிரம் எடுத்துடுவாங்க" என்றார் அவர்.

"அவன்தானே கழட்டினான்? இதுல பொய் எங்க இருக்கு?" என்றார் கணவர்.

ஆபரேட்டர் தர்மபுரிப் பக்கத்துக்காரர். ஷெட் போட்ட நாளிலிருந்து எங்களோடு இருப்பவர். கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் உள்ளே வந்தார்.

"அப்படியே எழுதுங்கக்கா. நான் கையெழுத்துப் போடறேன். மெஷின் ஓடினாப் போதும்."

பேனாவுக்காக நீட்டிய அந்தக் கையில் விரல்கள் எல்லாம் முழுசாக இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையை மீறிக் கோபமும் வந்தது. பேனாவை நான் கொடுக்கவில்லை. கூண்டில்லாமல் ஓட்டச் சொன்னது நாங்கள்தான், ஆபரேட்டர் மேல் தவறில்லை, கூண்டு இல்லாவிட்டால் மோட்டாரே ஓடாதபடி ஒரு சுவிட்ச் வைக்க அனுமதி கொடுங்கள் என்று எழுதி, என் பெயரில் கையெழுத்துப் போட்டு, நானே ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

உண்மையை எழுதினால் உடனே கதவு திறக்கும் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல? ஃபைல் மேலே போயிருக்கிறது என்றார்கள். மறுபடி போனேன், இன்னும் மேலே போயிருந்தது. கஸ்டமர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். கணவர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். வாடகை வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆபரேட்டர் எவ்வளவு நாள்தான் சும்மா இருப்பார்? சொல்ல முடியாமல் சொல்லிவிட்டு, பின் தெருவில் வேறொரு ஷெட்டுக்குப் போய்விட்டார்.

போன வாரம் அவரிடமிருந்து போன் வந்தது.

"சீல எடுத்துட்டாங்களாக்கா?"

"இன்னும் இல்லப்பா. அங்க எப்படி இருக்கு?"

"வேலை இருக்குக்கா. ஆனா இங்க ப்ரெஸ்ஸுக்குக் கூண்டே கெடையாது."

வந்துவிடு என்று கூப்பிட என்னிடம் ஓடுகிற மெஷின் இல்லை. போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவருக்குப் பின்னால் ப்ரெஸ் அடிக்கும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

"பாத்து ஓட்டுப்பா" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை என் கணவர் சொன்னதும் இதைத்தான்.