மேசைக்காலைத் தாங்கிய நாவல்

நூலகர் என்றால் அலமாரியில் இருப்பதையெல்லாம் படித்தவர் என்று ஊர் நம்புகிறது. அதை ஏன் கெடுப்பானேன் என்று நானும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

பழைய பகை

துணைப்பாடம் என்று ஒரு பெரிய நாவலாசிரியரை உங்கள் தலையிலும் கட்டியிருப்பார்கள். அவருடைய நாயகியின் பண்புநலன்களை, நோட்ஸை உருப்போட்டு நான் எழுதினேன். கதையையே படிக்கவில்லை என்று தமிழய்யா கண்டுபிடித்து முட்டி போடவைத்தார். அன்றோடு அந்த நாவலாசிரியரும் நானும் பேச்சுவார்த்தை இல்லை.

மரக்காணம் பக்கம் நூலகராக வந்ததும் வஞ்சம் தீர்த்தேன். அவருடைய நாவல்களிலேயே தடித்த ஒன்றை, ஆடுகிற மேசைக்கு முட்டுக்கொடுத்தேன். ஆய்வுக்கு வந்த மேலதிகாரி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேசை ஆடாம நிக்குதே, பரவால்லப்பா."

மழைக்கால வாசகி

2005 மழையில் உப்பளமெல்லாம் தண்ணீர். வேலையில்லாத நாட்களில் உப்பு வாரும் அஞ்சலை நூலகத்துக்கு வந்தார். குண்டுப் புத்தகம்தான் வேண்டுமாம். என்னிடம் இருந்த ஒரே குண்டு, மேசைக்கடியில் இருந்தது. தூசி தட்டிக் கொடுத்தேன். கையில் தூக்கி எடை பார்த்தார்: "தையில உப்புப் பாத்தி கட்டற வரைக்கும் இது தாங்கும் சார்."

முடிவு கேட்டார்

பத்தே நாளில் திரும்பி வந்தார். கடைசிப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. "புருஷன் அடிச்சான்னு வீட்ட விட்டுப் போனாளே, அவ என்ன ஆனா சார்? என் பொண்ணு செல்வியும் அதே மாதிரி பிரம்மதேசத்துல இருக்கற புருஷன் வீட்லேர்ந்து வந்து உக்காந்திருக்குது. திருப்பி அனுப்புன்னு ஊரே சொல்லுது. தெனம் நான் படிக்கப் படிக்க அவதான் கேட்டுக்கிட்டிருந்தா."

படிக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "திரும்பிப் போயிட்டாம்மா. புருஷன் கால்ல விழுந்து மன்னிப்பு கேட்டா, எல்லாம் சரியாயிடுச்சு" என்று அடித்துவிட்டேன். அஞ்சலை கரையான் தின்ற ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "அவளா விழுந்தா?"

இரண்டாம் வாய்ப்பு

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. திண்டிவனம் போய் வேறொரு பிரதி வாங்கிவந்தேன். தப்பு கண்டுபிடிக்கவென்றே படிக்க ஆரம்பித்தவன், மூன்றாம் அத்தியாயத்தில் டீ ஆறிப்போனதைக் கவனிக்கவில்லை. இத்தனை வருடம் இந்த மனிதரையா காலடியில் போட்டுவைத்தேன் என்று வெட்கமாக இருந்தது. கடைசிவரை அவள் திரும்பிப் போகவில்லை. தேடி வந்த புருஷனிடம் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறாள்.

செல்வி கிளம்பிவிட்டிருந்தால்? மழையிலேயே ஓடினேன். வாசலில் நின்று, நான் படிக்காமல் சொன்னதை ஒப்புக்கொண்டேன். உள்ளே செல்வி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அஞ்சலை துண்டு எடுத்துக் கொடுத்தார்: "அவ அன்னிக்கே சொல்லிட்டா சார், இவ்ளோ தூரம் எழுதுனவரு கடைசியில அப்படி எழுதியிருக்க மாட்டாரு, அந்த சாருதான் படிக்கலன்னு."

இப்போது அந்த நாவலாசிரியர் என் கண்ணெதிரே அலமாரியில் இருக்கிறார். மேசைக்காலைத் துணைப்பாட நோட்ஸ் தாங்குகிறது.