மடியில் வைத்துப் பார்ப்பவர்

மதுரையில் பழைய லேப்டாப் விற்கும் அந்தக் கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையில் சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைப் பேனா மாதிரி செருகியிருப்பார். விலையைச் சொல்லுமுன், கேட்ட லேப்டாப்பைச் சார்ஜரோடு ஒரு பைக்குள் போட்டு, கடையில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவர் மடியில் வைத்துப் பார்ப்பார். அது அவர் வழக்கம்.

நான் வாரம் மூன்று நாள் அலங்காநல்லூர் பஸ்ஸில் போய்வருகிறவன். கையிலிருந்த காசுக்குப் பெரிய திரையே கிடைக்கும் என்று நினைத்து, பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லி அதைத்தான் கேட்டேன். ரிப்பேருக்கு வந்து காத்திருந்த ஒரு அம்மாவின் மடியில் அதை வைத்தார். அந்த அம்மா முகத்தைச் சுளித்தார்.

"நான்தானே சொமக்கப் போறேன்?" என்றேன்.

"பஸ் கூட்டத்துல நீங்க எங்கண்ணே சொமக்கப் போறீக? உக்காந்திருக்கவுக மடியிலதான குடுப்பீக. அவுக முகம் கோணக் கூடாதுல்ல."

சின்னதையே வாங்கினேன். விலையும் குறைவு. இதுவரை பஸ்ஸில் யாரும் அதை மடியில் வாங்கத் தயங்கியதில்லை.

போன வாரம் அதிசயமாக எனக்கு உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் நின்றவர் என்னைக் கேட்காமலே ஒரு பையை மடியில் இறக்கினார். அம்மிக்கல் கனம். நிமிர்ந்து பார்த்தால், சட்டைப் பையில் அதே ஸ்க்ரூ டிரைவர்.

"என்னண்ணே, இம்புட்டுக் கனம்?"

"நீங்க வேணாம்னு விட்டுட்டுப் போனதுதாண்ணே. அப்புறம் ஒருத்தரும் வாங்கல. நானே வச்சுக்கிட்டேன்."

இறங்கும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் சுளிக்கவில்லை.