ஸ்கூல் நேரத்து ட்ரெய்லர்கள்

1. பொறுப்பேற்ற வாரம்

போக்குவரத்துப் பிரிவு எஸ்.ஐ.யாக நான் திருவொற்றியூர்ப் பக்கம் பொறுப்பேற்றபோது, அங்கே ஒரு பள்ளி வாசலில் குழந்தை இறந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. பெயர் ஸ்டெல்லா. ஐந்தாம் வகுப்பு. காலையில் சாலையைக் கடக்கும்போது கன்டெய்னர் ட்ரெய்லரின் பின்சக்கரத்தில் சிக்கிவிட்டாள்.

பள்ளி நேரத்தில் கனரக வாகனம் வரக்கூடாது என்ற உத்தரவு அதற்கு முன்பே இருந்தது. சாலையோரம் போர்டும் இருந்தது. முதல் நாள் காலை நான் போய் நின்றபோது, அந்த போர்டைத் தாண்டி ட்ரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. சில டிரைவர்களுக்கு ஃபைன் போட்டேன். சலானை வாங்கிக்கொண்டு, முன்பைவிட வேகமாகப் போனார்கள். விட்ட நேரத்தைப் பிடிக்க வேண்டுமே.

இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். "ஏம்மா, கேஸ் போட்டமா, வண்டிய விட்டமான்னு இரு. ரொம்ப நேரம் புடிச்சு வச்சா பின்னாடி மொத்தமா ஜாம் ஆயிடும்" என்றார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை.

2. குறுக்கே நின்ற வண்டி

அதே வாரத்தில் ஒரு காலை, ஒரு ட்ரெய்லர் போர்டுக்குப் பக்கத்தில் சாலையை மறித்தபடி வந்து நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

"என்னப்பா, பிரேக்டவுனா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். ஸ்கூல் டைம். போர்டுல போட்டுக்கீதே."

என்னோடு இருந்த கான்ஸ்டபிள் அருகில் வந்து, "மேடம், இவருதான் செத்துப்போன ஸ்டெல்லா பொண்ணோட அப்பா. பேரு அந்தோணி" என்றார் மெதுவாக.

அதற்குள் பின்வண்டி டிரைவர் ரஷீத் இறங்கி ஓடிவந்தார். "இன்னா அந்தோணி, வண்டிய எடு. டோக்கன் பூடும்."

"என்ன டோக்கன்?" என்று அவரிடம் கேட்டேன்.

"கன்டெய்னர் எறக்கற யார்டு கேட்டுக்கு யாரு முன்னாடி போறாங்களோ, அவங்களுக்குத்தான் மேடம் மொத டோக்கன். இங்க நின்னுகினு இருந்தா இன்னிக்கு லோடு எறங்காது. கொயந்தைங்க போற ரோட்டுல வேகமா ஓட்டணும்னு எங்களுக்கு மட்டும் ஆசையா?" என்றவர், அந்தோணியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"சொல்லு ரஷீத்" என்றார் அந்தோணி. "நானும் அப்படித்தான ஓட்டிகினு இருந்தேன். இதே ஸ்கூல் முன்னாடி."

சாலையை மறித்ததற்கு அவர்மேல் கேஸ் போட்டிருக்க வேண்டும். நான் போடவில்லை. கடைசிக் குழந்தை உள்ளே போகும்வரை அந்த வண்டி அங்கேயே நின்றது.

3. யார்டு மேனேஜர்

அன்று மதியமே யார்டுக்குப் போனேன். "டோக்கன் கேட்லதான் குடுப்போம், அது எங்க சிஸ்டம். ரோட்ல நடக்கறதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார் மேனேஜர்.

"சரி சார். நாளையிலேர்ந்து ஸ்கூல் டைம்ல வர்ற ஒவ்வொரு வண்டிக்கும் உங்க கேட்லயே நின்னு கேஸ் எழுதறேன். எழுதி முடிக்கிற வரைக்கும் வண்டி உள்ள போகாது."

அவர் யார் யாருக்கோ போன் செய்தார். சில நாள் இழுத்தடித்தார்கள். நானும் சொன்னபடி கேட்டில் நின்றேன். கடைசியில், பள்ளிக்கு முன்பே வரும் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கத்துக் காலி மைதானத்தில் ஓர் ஆளை உட்கார வைத்து, அங்கேயே டோக்கன் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். வந்த வரிசைப்படி டோக்கன். ஸ்கூல் மணி அடித்த பிறகு அதே வரிசையில் வண்டிகள் புறப்படும். முந்துவதால் யாருக்கும் லாபமில்லை என்றானதும் ஒருவரும் முந்தவில்லை.

புது ஏற்பாட்டின் முதல் நாள் காலை பள்ளி வாசலைப் பார்த்துவிட்டு மைதானத்துக்குப் போனேன். அந்தோணி கேபினில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் நிக்கறாங்க அந்தோணி. பசங்க நிம்மதியா ரோட்ட தாண்டிப் போறாங்க."

தலையாட்டினார். பிறகு, "இத்த அப்பவே பண்ணியிருக்கலாம்ல மேடம்?" என்றார்.



அதன் பிறகு எந்த ஸ்டேஷனுக்கு மாற்றினாலும், முதல் வேலையாக அங்குள்ள பள்ளி வாசல்களுக்குப் போய் நின்றேன். புதிதாக வரும் காவலர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். ஃபைன் போடுங்கள், அது சட்டம். கூடவே, நின்றால் அந்த டிரைவருக்கு என்ன நஷ்டம் என்று அவரையே கேளுங்கள். ஒரு குழந்தை சாகும்வரை காத்திருக்காமல் கேளுங்கள்.