அட்டையின் மூலை போட்ட வட்டம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அதோடு எந்த இடத்தில் பெரிய ‘ற’ வரும், எந்த இடத்தில் சின்ன ‘ர’ வரும் என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவன். படிக்கிறவர்கள் தப்பைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் விஷயத்தை மட்டும் பார்க்க வேண்டும்.

எனக்குத் திருச்சி பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. வாடிக்கைக்காரர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் துணிகளை மடித்து அடுக்குவேன். பேச வராது என்பதால் முதலாளி என்னை விற்பனைப் பக்கம் விடவில்லை. எனக்கும் அதுதான் சௌகரியம். வீடு ஸ்ரீரங்கத்தில். என் மூத்த பெண் அப்போது எஸ்.எஸ்.எல்.ஸி. படித்துக்கொண்டிருந்தாள். யுத்த காலம்.

அவள் அந்த வருஷம் பாஸாக வேண்டும் என்பது வெறும் மார்க்கு விஷயம் அல்ல. என் மனைவியின் அண்ணா கும்பகோணத்தில் ஒரு வரன் பார்த்து வைத்திருந்தார். பெண்ணுக்கோ டீச்சர் டிரெயினிங் போக ஆசை. பலநாள் அழுகைக்கும் சண்டைக்கும் பிறகு என் மனைவி ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

“பாஸ் பண்ணினா டிரெயினிங் போகட்டும், நான் குறுக்க நிக்கல. கோட் அடிச்சா ஆனியில கல்யாணம். அதுக்கப்புறம் ஒருத்தரும் மூக்கைச் சிந்தப்படாது. ஏன்னா, என்ன சொல்றேள்?”

நான் தலையை ஆட்டினேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

மற்ற பாடங்களில் பயமில்லை. க்ஷேத்திர கணிதம் என்கிற ஜாமெட்ரி மட்டும் அவளுக்குக் கசந்தது. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் பக்கத்தில் பிரபந்தம் சொல்லிக்கொடுப்பது சந்தை முறையில்தான். சொல்லிவைப்பவர் ஒரு முறை சொன்னால் கேட்பவர்கள் இரண்டு முறை திருப்பிச் சொல்ல வேண்டும். அர்த்தம் பிறகு வரும், இல்லை, வராமலும் போகும். ஆனால் ஒரு எழுத்துக்கூடப் பிசகக் கூடாது. நானும் சின்ன வயதில் அப்படித்தான் கற்றேன். ஆகவே தினமும் காலையில் கடைக்குப் போகுமுன் அவளுடைய புஸ்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேற்றமாக அவளுக்குச் சந்தை சொன்னேன். “அரைவட்டத்தில் உள்ள கோணம் செங்கோணம்” என்று நான் ஒரு முறை சொல்வேன். அவள் இரண்டு முறை சொல்வாள். நிரூபணமும் அப்படியே. கேட்டால் ஏதோ பாசுரம் போலவே இருக்கும். பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, “இது எந்த ஆழ்வார் அருளினதுடி?” என்று என் மனைவியிடம் விசாரித்தாள்.

எல்லாத் தேற்றமும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு ஆயிற்று. அரைப் பரீட்சை வந்தது. அதில் அவள் க்ஷேத்திர கணிதத்தில் தேறவில்லை.

டீச்சர் என்னை வரச் சொல்லி அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்துக் கதவோரமாக நின்றேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

“உங்க பொண்ணு தேற்றம் எல்லாம் புஸ்தகத்துல இருக்கற மாதிரியே எழுதறா. ஒரு கமா தப்பல. ஆனா ரைடர் ஒண்ணுகூடத் தொடலையே! ரைடர் போடாம பாஸ் மார்க் எப்படிங்க வரும்?”

ரைடர் என்றால் என்ன என்று கேட்க எனக்குக் கூச்சம். அவர்களே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். தேற்றத்தை வைத்துக்கொண்டு, புஸ்தகத்தில் இல்லாத புதுக் கணக்கு ஒன்றைத் தானே யோசித்துப் போடுவதுதான் ரைடராம். விடைத்தாளைக் காட்டினார்கள். கேள்வியில் ஒரு வட்டம். அதன் விட்டம் படுக்கையாக இல்லாமல் சுவர் போல நிமிர்ந்து நின்றது. எழுத்துகளும் வேறு. “இது அதே அரைவட்டந்தான். படத்தைத் திருப்பிட்டேன், அவ்வளவுதான். அவளுக்கு அடையாளம் தெரியல” என்றார்கள்.

எனக்கும்தான் அடையாளம் தெரியவில்லை. அதைச் சொல்லாமல் கும்பிட்டுவிட்டு வந்தேன். இத்தனை மாதம் இரண்டு பேரும் சொல்லை மட்டுமே பார்த்திருக்கிறோம். பக்கத்திலேயே இருந்த படத்தை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

டீச்சர் அவளுக்கு ஒரு ரைடர் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். இரண்டு புள்ளிகள் அசையாமல் இருக்கின்றன. ஒரு செங்கோணத்தின் இரண்டு பக்கங்களும் அந்தப் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டே நகர்ந்தால், அதன் மூலை எந்த வழியாகப் போகும்? இதுதான் கேள்வி. பெண் இரண்டு நாள் அதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. வீட்டில் துணி வந்த கள்ளிப்பெட்டியின் மூடி ஒன்று கிடந்தது. அதில் இரண்டு ஆணி அடித்தேன். துணி சுற்றி வரும் கெட்டி அட்டை ஒன்றை எடுத்து, அதன் மூலையை இரண்டு ஆணிக்கும் நடுவே நுழைத்தேன். யோசனையால் செய்யவில்லை. கேள்வியில் சொன்னதைக் கையால் செய்து பார்க்கலாமே என்றுதான்.

“எந்த வழியாப் போகும்னு நினைக்கறேள்?” என்று கேட்டாள் பெண்.

“கோபுரம் மாதிரி போகும். நேரா ஏறி நேரா இறங்கும்.”

“எனக்கும் அப்படித்தான் தோணறது.”

அவள் அட்டையை ஆணிகளோடு ஒட்டினாற்போல் பிடித்து மெதுவாக நகர்த்தினாள். மூலை நின்ற இடத்திலெல்லாம் நான் பென்சிலால் புள்ளி வைத்தேன். உள்ளிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

“பலகைல ஆணி அடிச்சாச்சா? அடுத்தது என் தலைலயா? தளிகை ஆயாச்சு, அப்பாவும் பொண்ணும் சாப்பிட வரேளா இல்லையா?”

பெண் அட்டையை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். புள்ளிகள் நேராகப் போகவில்லை. வளைந்தன. ஒரு ஆணியிலிருந்து கிளம்பி, மேலே ஏறி, அவசரமே இல்லாமல் திரும்பி, மற்ற ஆணியில் வந்து இறங்கின. பெண் இரண்டு ஆணிக்கும் சரிபாதியில் காம்பஸின் முள்ளை ஊன்றிச் சுற்றினாள். பென்சில் நான் வைத்த புள்ளிகள் எல்லாவற்றின் மேலும் ஏறிப் போயிற்று.

“வட்டம்ப்பா!” என்றாள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த அட்டையில் வளைவு என்று ஒன்றுமே இல்லை. எல்லாம் நேர்க்கோடு. ஆணியிலும் இல்லை, பலகையிலும் இல்லை. பின் இந்த வட்டம் எங்கிருந்து வந்தது? நாங்கள் கூப்பிட்டு அது வரவில்லை. முன்பே அங்கே இருந்திருக்கிறது; அட்டையின் மூலை அதைத் தடவிக் காட்டியிருக்கிறது. பெருமாள் சன்னதியில் திரை விலகும்போது ஒரு மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. இதை எழுதவே பயமாக இருக்கிறது. ஆனால் வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்து பெண் மறுபடியும் பலகை முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு ஆணிகளையும் மூலை நின்ற ஒரு புள்ளியையும் சேர்த்து ஒரு பெரிய முக்கோணம் போட்டு, வட்டத்தின் நடுவிலிருந்து அந்த மூலைக்கு ஒரு கோடு போட்டாள். இப்போது பெரிய முக்கோணம் இரண்டு சின்ன முக்கோணமாகப் பிரிந்தது. பிறகு புஸ்தகத்தின் பாஷையை விட்டுவிட்டு, தன் பாஷையில் சொன்னாள்.

“நடுவுலேர்ந்து போற மூணு கோடும் ஒரே நீளம். அதனால இந்தச் சின்ன முக்கோணத்துல இது ரெண்டும் ஜோடிக் கோணம். அந்த முக்கோணத்துல அது ரெண்டும் ஜோடி. நாலும் சேர்ந்துதான் பெரிய முக்கோணத்தோட மொத்தக் கோணமும். அது ரெண்டு செங்கோணம். இந்த ஜோடில ஒண்ணு, அந்த ஜோடில ஒண்ணு எடுத்தா பாதி. ஒரு செங்கோணம். மூலைல இருக்கறது அதுதானேப்பா!”

பலகையைச் சுற்றித் திருப்பி, ஒவ்வொரு திசையிலும் வைத்து அதையே மறுபடி சொன்னாள். எப்படித் திருப்பினாலும் அவளுக்கு இப்போது அடையாளம் தெரிந்தது. நாங்கள் மாதக்கணக்காகச் சந்தை சொன்னது இதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“அப்ப ரைடர் முடிஞ்சுதா?” என்று கேட்டேன்.

“இல்லப்பா. வட்டத்துல இருந்தா செங்கோணம்னுதான் சொன்னேன். செங்கோணமா இருந்தா வட்டத்துலதான் இருக்கும்னு இன்னும் சொல்லலையே.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“எப்படி ஒண்ணாகும்? ஸ்ரீரங்கத்துக்காரா எல்லாரும் தினம் திருச்சிக்குப் போறான்னா, திருச்சில இருக்கறவா எல்லாரும் ஸ்ரீரங்கத்துக்காராளா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. போகிற வழி ஒன்று, திரும்புகிற வழி ஒன்று, இரண்டையும் தனித்தனியாக நடந்துதான் ஆக வேண்டும் என்று ஒரு சாஸ்திரம் வைத்திருக்கிறதே, அதன் நேர்மை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. திரும்புகிற வழியை அவள் அந்த வாரத்திலேயே கண்டுபிடித்தாள்.

அதன் பிறகு எனக்குக் கடையில் கை ஒரு பக்கம், நினைப்பு ஒரு பக்கம். காகிதத்தில் முக்கோணம் வெட்டுவேன். ஒரு பக்கத்தின் இரண்டு முனைகளையும் ஒன்றோடு ஒன்று வைத்து, வேட்டி மடிப்பது போல மடித்துப் பிரிப்பேன். மூன்று பக்கத்துக்கும் மூன்று மடிப்பு. மூன்றும் ஒரே இடத்தில் சந்தித்தன. வேறொன்று வெட்டினேன், அதிலும் சந்தித்தன. ஏமாற்றிவிட வேண்டும் என்று, ஒரு மூலை நன்றாக விரிந்து மற்ற இரண்டும் ஒடுங்கிய கோணலான முக்கோணம் ஒன்றை வெட்டி மடித்தேன். மடிப்புகள் சந்திக்கவே இல்லை! சாயங்காலம் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டியபோது எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

பெண் அதை வாங்கிப் பலகையில் பசை போட்டு ஒட்டினாள். மடிப்புகளின் மேல் ஸ்கேலை வைத்து, காகிதத்தைத் தாண்டிப் பலகைமேலும் கோட்டை நீட்டினாள். மூன்று கோடும் முக்கோணத்துக்கு வெளியே போய், ஆளில்லாத இடத்தில், ஒரே புள்ளியில் கூடின. அங்கே காம்பஸை ஊன்றிச் சுற்றினாள். வட்டம் மூன்று மூலையையும் தொட்டுக்கொண்டு போயிற்று.

“நீங்க காகிதம் முடிஞ்ச இடத்துல நின்னுட்டேள்” என்றாள்.

நான் அந்தப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தேன். வெறும் மரந்தான்.

பங்குனியில் பரீட்சை. சந்தையை நிறுத்திவிட்டோம். டீச்சரிடம் ரைடராகக் கேட்டு வாங்கிவந்து காலையில் என் முன்னால் போடுவாள். போட்டவற்றில் பாதி தப்பாகும். அழித்து மறுபடி போடுவாள். என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்ப்பாள். ஒருநாள், “அந்த ரெண்டு கோணமும் ஏன் சமம்னு எனக்குச் சொல்லேன்” என்று அவளே கேட்டாள். பெண் சொன்னாள். “ஆமாம், வேற எப்படி இருக்க முடியும்?” என்று சொல்லிவிட்டு என் மனைவி உள்ளே போய்விட்டாள்.

பத்திரிகையில் முடிவு வந்த அன்று என் மைத்துனரும் வந்திருந்தார். பெண்ணின் நம்பர் இருந்தது. அவர் அதைச் சரியாகப் பார்க்கச் சொன்னார். மறுபடி பார்த்தோம், இருந்தது. என் மனைவி பூஜை அலமாரியிலிருந்து அந்த வரனின் ஜாதகத்தை எடுத்துவந்து தன் அண்ணாவின் கையில் கொடுத்தாள்.

“நான் ஒரு வார்த்தை சொன்னேன் அண்ணா. சொன்னது சொன்னதுதான். காபி சாப்பிட்டுட்டுக் கிளம்பு.”

பெண் டிரெயினிங் முடித்து, இப்போது மருங்காபுரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறாள். மூன்று மடிப்புகள் ஏன் ஒரே இடத்தில் கூடுகின்றன என்று எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறாள். விளக்கும்போது புரிகிறது. மறுநாள் கடையில் யோசித்தால் பாதியில் நழுவிப்போகிறது. ஆனாலும் காகிதம் கிடைத்தால் வெட்டி மடித்துப் பார்க்கிறேன். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

விய வருஷம், தை மாதம், இரண்டாம் வெள்ளிக்கிழமை.