இடது சீட்டுக்காரர்

கதவைத் திறந்ததும் முத்திருளன் சீட்டில் உட்காருவதில்லை. உள்ளங்கையை வைத்து அமுக்குகிறார். சினைமாட்டின் வயிற்றைத் தடவிப் பார்க்கும் வைத்தியரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, உள்ளே ஸ்பிரிங் முனகுவதைக் காது கொடுத்துக் கேட்கிறார். பிறகு வண்டிக்காரரைத் திரும்பிப் பார்க்கிறார்.

"வீட்டுக்காரம்மாவ முன்னாடி உக்கார வைக்கிறதே இல்லபோல. ஒங்க சீட்டு பள்ளமாக் கெடக்கு. பக்கத்துச் சீட்டு நேத்துத் தச்ச மாதிரி இருக்கு. பின்னாடி வலது மூலையில மட்டும் ஒரு குழி. அந்தம்மா அங்கிட்டுத்தான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வருது."

வந்தவர் நெளிகிறார். எத்தனை நாளில் வேலை முடியும் என்று பேச்சை மாற்றுகிறார். மாற்றினால் முத்திருளன் சொன்னது உண்மை என்று அர்த்தம்.

மதுரைக் காளவாசலில் "முத்திருளன் குஷன் ஒர்க்ஸ்" எங்கே என்று எவரையும் கேட்கலாம். கேட்காமலே காட்டுகிறவர்களும் உண்டு. எழுமலையிலிருந்து பதின்மூன்று வயதில் ஒரு கோணி ஊசியோடு பஸ் ஏறி வந்தவர். படிப்பு நாலாம் வகுப்பு. அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமே கிடையாது. "படிச்சவன் எழுதுனா அடிச்சு அடிச்சு எழுதுவான். நான் தச்சதப் பிரிச்சுப் பாரு. ரெக்சின் கிழியும், தையல் கிழியாது" என்பார். மதுரையில் ஓடுகிற அம்பாசடர்களில் பாதி அவர் தைத்த சீட்டில்தான் ஆளேற்றிப் போகின்றனவாம். மீதிப் பாதியில் ஏறியவர்களுக்குத்தான் முதுகுவலியாம். இது அவர் கணக்கு. காளவாசலில் இதை மறுத்துப் பேச ஆளில்லை.

தையலை விடப் பெரிய பெருமை ஒன்று அவருக்கு உண்டு. அது அவருடைய எடை. நூற்றுப் பதினெட்டு கிலோ. வெங்காய மண்டித் தராசில் மாதம் ஒருமுறை ஏறி நின்று, முள் அசையாமல் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். யாராவது "குண்டு" என்று சொல்லிவிட்டால் திருத்துவார்: "குண்டுன்னு சொல்லாத. பாரம்னு சொல்லு."

காரணம் பந்தயம்.

நாகமலை புதுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு பெரிய கண்மாய் இருக்கிறது. வைகாசியில் வறண்டு, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். தொண்ணூற்றாறாம் வருடத்திலிருந்து ஒர்க்‌ஷாப்காரர்கள் கூடி, டிராக்டர் விட்டுச் சமன்படுத்தி, அதற்குள் கார்ப்பந்தயம் நடத்துகிறார்கள். ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். மொத்தம் இருபத்தொரு சுற்று. ஒரு வளைவில் வண்டிகள் கரைச் சரிவில் ஏறி, சாய்ந்த வாக்கிலேயே சிட்டாகத் திரும்பிவிடும். எதிர் வளைவில் சரிவு கிடையாது. அது மொட்டைத் தரை, தவறினால் கருவேலங்காடு. ஜனம் கரைமேல் குடை பிடித்து உட்கார்ந்திருக்கும்.

கமிட்டிக்கு மோட்டார்ப் பந்தயச் சட்டம் தெரியாது. மாட்டுவண்டிப் பந்தயச் சட்டம் நன்றாகத் தெரியும். ஆகவே அதையே வைத்துக்கொண்டார்கள். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு என்பது போல அம்பாசடர் பெரிய வண்டி, ஃபியட் நடு வண்டி, மாருதி சின்ன வண்டி. வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். மணல் மூட்டை, கல் எதையும் ஏற்றக் கூடாது. கோயிலைச் சுற்றுவது போல வலமாகச் சுற்றலாமா என்று ஒருவர் கேட்டபோது, "சாமிக்கு வலம், எஞ்சினுக்கு இடம்" என்று தீர்த்துவிட்டார்கள். மாட்டு வண்டியில் சாரதியோடு துணைச்சாரதியும் உண்டென்பதால் காரிலும் இரண்டு பேர். வாலை முறுக்க மாடில்லாத வண்டியில் துணைச்சாரதிக்கு என்ன வேலை என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த வேலையைக் கண்டுபிடித்தவர் முத்திருளன். இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும் வண்டி வலப்பக்கம் சாயும். மொட்டை வளைவில் இடது சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். எழும்பினால் சாரதி வேகத்தைக் குறைத்தே தீர வேண்டும். இடது சீட்டில் நூற்றுப் பதினெட்டு கிலோ உட்கார்ந்திருந்தால் எழும்பாது. குறைக்க வேண்டியதும் இல்லை. இந்தக் கணக்கில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஜனகராஜின் அம்பாசடர் மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்தது. ஜனகராஜ் சௌராஷ்டிரர், அதட்டிப் பேசத் தெரியாதவர். கோபம் வந்தால் வீட்டு மொழிக்கு மாறிவிடுவதால் அவர் இன்னதுதான் திட்டினார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கோப்பையை அவர் கையில்தான் கொடுப்பார்கள். முத்திருளன் பக்கத்தில் நின்று சொல்வார்: "தம்பி ஸ்டீரிங்கப் பிடிச்சாரு. நான் வண்டியப் பிடிச்சேன்."

இந்த வருடம் அந்தச் சீட்டுக்கே ஆபத்து வந்தது. கொண்டுவந்தது சர்க்கரை.

தை மாதம் டாக்டர் ஒரு தாளில் எதையோ எழுதி நீட்ட, மனைவி ஜெயக்கொடி அரிசிப் பானையைத் தூக்கிப் பரண்மேல் வைத்தார். காலையில் நாகமலை அடிவாரம்வரை நடை. பகலில் கேப்பைக் களி, முருங்கைக்கீரை. ராத்திரியும் அதே கீரை, வேறு பாத்திரத்தில். நாலே மாதத்தில் முத்திருளன் தொண்ணூற்றாறு கிலோவுக்கு வந்துவிட்டார். டாக்டர் கைகுலுக்கினார். ஜெயக்கொடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். முத்திருளன் மட்டும் துக்க வீட்டுக்குப் போய் வந்தவர் போல மண்டித் தராசை விட்டு இறங்கினார்.

"ஒங்களுக்கு உசுரு பெருசா, சீட்டு பெருசா?" என்றார் ஜெயக்கொடி.

"உசுரு எல்லாப் பயலுக்குந்தான் இருக்கு. அந்தச் சீட்டு எனக்கு மட்டுந்தான இருக்கு."

சேதி வெளியே தெரியக் கூடாது. குஷன்காரருக்கு அது ஒரு பெரிய வேலையா? மூன்று அங்குல ஸ்பாஞ்சை வயிற்றளவுக்கு வெட்டி, காடாத் துணியில் உறை போட்டு, ஓரத்துக்குப் பைப்பிங்கூட வைத்துத் தைத்து, சட்டைக்குள் கட்டிக்கொண்டார். பழைய முத்திருளன் திரும்பி வந்துவிட்டார். சித்திரை வெயிலில் இடுப்பு வெந்தது, பொறுத்துக்கொண்டார். மற்றவர் கண்ணை ஏமாற்றிய சந்தோஷத்தில், ஸ்பாஞ்சுக்கு எடை கிடையாது என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

அம்பாசடர் மறக்கவில்லை. பந்தயத்துக்குப் பத்து நாள் முன்னால் கண்மாயில் வெள்ளோட்டம் விட்டார்கள். மொட்டை வளைவில் இடது பின்சக்கரம் ஒரு சாண் எழும்பி, டம்மென்று இறங்கியது. ஜனகராஜ் வண்டியை நிறுத்தினார்.

"அண்ணே, வயிறு கியிறு சரியில்லையா?" என்று ஆதரவாக அவர் வயிற்றில் கை வைத்தார். கை உள்ளே போனது. எடுத்ததும் வயிறு மெதுவாக உப்பிப் பழைய இடத்துக்கு வந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளைத்துரை கரைமேலிருந்து பார்த்துவிட்டார். மூன்று வருடமாக இரண்டாவதாக வருகிற அம்பாசடர்க்காரர். "என்ன மாமா, வயித்துல பஞ்சரா? ஒட்டுப் போட்டு விடவா?"

"மூணு வருசமா என் பின்னாடி வந்து தூசி தின்னயே மாப்ள, மொதல்ல ஒன் தொண்டையத் தூரு வாரு" என்று முத்திருளன் திருப்பிக் கொடுத்தார். ஆனால் குரலில் பாரம் இல்லை.

ஜனகராஜ் ஸ்டீரிங்கைத் துடைத்தபடி சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்கண்ணே. புதுக்கோட்டையில பரோட்டா மாஸ்டர் காசிமாயன் நூத்தி இருபத்திநாலு கிலோ இருக்காராம். இந்தத் தடவ மட்டும் அவர ஏத்திக்கிறேன்."

"இந்தத் தடவ மட்டுந்தானா?"

ஜனகராஜ் மறுபடியும் ஸ்டீரிங்கைத் துடைத்தார்.

அடுத்த மூன்று நாளும் முத்திருளன் ஒரு சீட்டையும் அமுக்கிப் பார்க்கவில்லை. பத்து நாளில் இருபத்திரண்டு கிலோ ஏற்ற வழி உண்டா என்று மருந்துக்கடையில் விசாரித்தார். "யானைக்குட்டிக்குக்கூட ஏறாதுண்ணே" என்றார்கள்.

நாலாம் நாள் பழைய அம்பாசடர் ஒன்றைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கதவு நாலும் இறுகிப்போய்த் திறக்க மறுத்தன. இப்படி வந்தால் ஒல்லியான ஆளாகப் பார்த்து ஜன்னல் வழியே உள்ளே அனுப்புவது வழக்கம். முத்திருளன் எரிச்சலில் உள்கைப்பிடியைத் திருக, தானே கையை விட்டார். எட்டவில்லை. தலையை விட்டார். தோள் போனது. பின்னாலேயே வயிறும் போனது. ஒரு நிமிடத்தில் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

ஜன்னலைச் சாணால் அளந்து பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே வெளியே வந்தார். மறுபடி உள்ளே போனார். களித் தூக்கோடு வந்த ஜெயக்கொடி வாயில் கை வைத்தார்.

"இந்தாங்க, பட்டப்பகல்ல திருடன் மாதிரி எதுக்கு நுழையிறீங்க? கடையே ஒங்களுதுதான?"

"அம்புட்டும் போச்சுன்னு நெனச்சேன் ஜெயக்கொடி. போகல! இரு, ஜனகராஜ் தம்பியப் பாத்துட்டு வாரேன்."

ஓடினார். முப்பது வருடக் காளவாசல் வாழ்க்கையில் முத்திருளன் ஓடி யாரும் பார்த்ததில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் எங்கே தீப்பிடித்தது என்று எழுந்து நின்றார்கள்.

ஜனகராஜிடம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "கெணத்து ஏத்த மரத்துல நடுவுல நின்னா தண்ணிச் சால் மேல வருமா தம்பி? நுனிக்கு நடந்தாத்தான வரும்? உள்ள உக்காந்தாத்தான் நான் தொண்ணூத்தாறு. வளைவுல ஜன்னலுக்கு வெளிய இடுப்புவரை தொங்குனேன்னா நான் நூத்தி முப்பது!"

"கமிட்டி விடுமாண்ணே?"

"மாட்டு வண்டியில துணைச்சாரதி பாதித் தூரம் வெளியதான ஓடியாரான்? உள்ளயே இருக்கணும்னு எவன் சொன்னான்?"

கமிட்டி அரைநாள் யோசித்தது. மாட்டுச் சட்டத்தில் பதில் இல்லை, சரி என்றது. ஜனகராஜ் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்: மொட்டை வளைவில் காசிமாயன் தயாராக இருப்பார். முதல் மூன்று சுற்றில் சக்கரம் ஒருமுறை எழும்பினாலும் வண்டி நிற்கும், ஆள் மாறும்.

கமிட்டியைவிட ஜெயக்கொடியைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "பஸ்சுல தொங்கிக்கிட்டுப் போற காலேஜுப் பையனா நீங்க? விழுந்தா யாரு அள்றது?" முத்திருளன் இரண்டு மடிப்பு ரெக்சினில் இடுப்புப் பட்டை ஒன்று தைத்தார். அதன் மறுமுனை சீட்டுக் கம்பியில் மாட்டும். ஜெயக்கொடி அதை நிலைக்கதவில் கட்டி, இரண்டு காலையும் தூக்கித் தானே தொங்கிப் பார்த்தார். தையல் முனகக்கூட இல்லை. பட்டையை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தார். பந்தயத்தன்று கரைமேல் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஏழு அம்பாசடர்கள் உறுமின. கொடி விழுந்தது. கரைச் சரிவில் ஏறி இறங்கி, புழுதி மேகமாக மொட்டை வளைவுக்கு வந்தன. அங்கே காசிமாயன் ஸ்டூலில் உட்கார்ந்து, தட்டில் சால்னா ஊற்றிய பரோட்டாவோடு காத்திருந்தார். ஜனகராஜ் ஸ்டீரிங்கை ஒடித்ததும் இடது ஜன்னலிலிருந்து முத்திருளன் தலைகீழாகச் சரிந்தார். முதுகு தரையைப் பார்க்க, ஒரு கை கூரை விளிம்பைப் பிடிக்க, கண்மாய்க் கரை அவருக்குத் தலைகீழாக ஓடியது. சட்டைக்குள் ஸ்பாஞ்சு இல்லை. காற்றுதான் புகுந்து பொம்மென்று ஊதியது.

மைக் பிடித்திருந்தவர் கத்தினார்: "குஷன் கடை அண்ணே வெளிய வந்துட்டாரு! யாராச்சும் பிடிங்கப்பா! இல்ல... இல்ல... அவருதான் வண்டியப் பிடிச்சிருக்காரு!"

சக்கரம் எழும்பவில்லை. இரண்டாம் சுற்று, எழும்பவில்லை. மூன்றாம் சுற்றில் ஜனகராஜ் வேகத்தைக் குறைக்கவே இல்லை. வண்டி முழுசாக வழுக்கியது, இடது டயர் இரண்டும் பசை போட்டு ஒட்டியது போலத் தரையிலேயே கிடந்தன. காசிமாயன் பரோட்டாவை மறந்து ஸ்டூல்மேல் ஏறி நின்றார். ஸ்டூல்தான் பாவம்.

இருபத்தோராம் சுற்றில் வெள்ளைத்துரையும் ஜனகராஜும் ஒட்டியபடி வந்தார்கள். அரை பானெட் நீளத்தில் வெள்ளைத்துரை முந்தினார். கோப்பையும் பரிசுக் கிடாயும் வாங்கி, கிடாயின் கயிற்றைப் பிடித்தபடி அவர் திரும்பிப் பார்த்தபோது, சுற்றிலும் கிடாயைத் தவிர ஒருவரும் இல்லை. ஜனமெல்லாம் மற்ற அம்பாசடரை மொய்த்துக்கொண்டிருந்தது.

இன்னும் சீட்டிலேயே இருந்த முத்திருளனுக்குப் புருவம், மீசை எல்லாம் செம்மண். விலாவில் ஜன்னல் விளிம்பு பதிந்திருந்தது. ஜனகராஜ் இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

"அடுத்த வருசத்துக்கு இந்த ஜன்னல் விளிம்புல ஒரு குஷன் தச்சுப் போட்ருங்கண்ணே. விலா நோகும்."

"கம்பெனியில வந்தபடிதான் வண்டி இருக்கணும் தம்பி. சட்டம் இருக்குல்ல? குஷன என் விலாவுல கட்டிக்கிறேன்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு காசிமாயன் வந்தார். பெரியவருக்குச் செய்கிற மரியாதையாக, இடது கதவை அகலத் திறந்து பிடித்தார். "எறங்குங்கண்ணே."

முத்திருளன் பட்டையை அவிழ்த்துவிட்டு ஒரு காலைத் தரையில் வைத்தார். தலையை நிமிர்த்திக் கரையைப் பார்த்தார். ஜெயக்கொடி எழுந்து நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். முத்திருளன் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். காசிமாயன் கையிலிருந்த கதவை வாங்கிச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியே இறங்கத் தொடங்கினார்.