அம்மா திருப்பிக் கொடுத்த கிரீன் கார்டு

அம்மாவுக்கு கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்தது நான்தான். அவள் கேட்கவில்லை. அப்பா இறந்தபின் பொள்ளாச்சியில் தனியாக இருக்கிறாளே என்று, அமெரிக்காவில் டல்லாஸை அடுத்த காப்பெலில் எங்கள் வீட்டில் ஒரு அறையை ஒழித்து வைத்துவிட்டு அப்ளை பண்ணினேன். கார்டு கைக்கு வந்ததும் அம்மா ஊருக்குப் போய் மாடியில் இரண்டு அறை கட்ட ஆரம்பித்தாள்.

அந்தக் கார்டு இங்கே குடியிருப்பவர்களுக்குத்தான், அவ்வப்போது வந்து தலைகாட்டிவிட்டுப் போக அல்ல என்று வக்கீல் சொன்னதைப் போனில் பலமுறை சொன்னேன். "கான்கிரீட் போட்டுட்டு வந்தர்றேன் கண்ணு" என்பாள். கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஓடிவிட்டது.

ஒருவழியாக வந்து இறங்கியவளை, டல்லாஸ் விமான நிலையத்தில் தனி அறைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நான் வெளியே தவித்துக்கொண்டிருந்தேன். உள்ளே நடந்ததைப் பிறகு காரில் அம்மாவே சொன்னாள்.

அதிகாரி மொழிபெயர்க்கப் போனில் ஒருவரைப் பிடித்திருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"அம்மா, நீங்கள் எங்க இருக்கிறியள்?"

"இங்கதானுங்க, சேர்ல."

அவர் அதை அப்படியே மொழிபெயர்த்திருக்கிறார். அதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கேட்டாராம்.

"உங்கட வீடு எங்க எண்டு கேக்கிறார்."

"பொள்ளாச்சிலீங்க. இங்க இருக்கறது மக வீடு."

காப்பெல் என்று சொல்ல ஒரு வாரம் பழக்கியிருந்தேன்.

"ஏன் இவ்வளவு காலம் அங்க நிண்டனீங்கள்?"

"கொத்தனார் வந்தாத்தானுங்களே வேலை முடியும்?"

போனில் இருந்தவர் மொழிபெயர்க்க மறந்து, தன் வீட்டுக் குளியலறை வேலை பாதியில் நிற்பதைச் சொல்லத் தொடங்கிவிட்டார். என்ன பேசுகிறீர்கள் என்று அதிகாரி அதட்டிய பிறகுதான் நிறுத்தினார். கடைசியில், இனி இப்படி வந்தால் நீதிபதி முன்னால் நிற்க வேண்டிவரும் என்று எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

ஃப்ரீவேயில் ஏறியதும் அம்மா சொன்னாள். "ஜட்ஜுகிட்டயெல்லாம் என்னால நிக்க முடியாது. பேசாம இதைத் திருப்பிக் குடுத்தறலாம்."

"இதுக்கு எத்தன பேரு ஏங்கறாங்க தெரியுமா?"

"அப்ப அவங்களுக்கே குடுத்தறச் சொல்லு."

மறுநாள் காலை காபி குடிக்கும்போது அவளே ஆரம்பித்தாள். "நான் உன்னைப் பாக்கத்தான் வர்றேன் கண்ணு. குடியிருக்க வரல. அந்த ஆபீசர் கேட்டப்பத்தான் எனக்கே அது வெளங்குச்சு." எனக்கு வலித்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பு இல்லை. ஊருக்குத் திரும்பும் முன் கார்டைத் திருப்பி அனுப்பினோம். பிறகு சென்னையில் விசிட்டர் விசா கேட்டாள், கொடுத்துவிட்டார்கள்.

இப்போது நிம்மதியாக வந்து சில மாதம் இருந்துவிட்டுப் போகிறாள். போன முறை, பாத்திரத்தை டிஷ்வாஷரில் அடுக்கச் சொன்னேன். சோபாவை விட்டு எழவில்லை.

"விசால வந்தவங்க இங்க வேலை செய்யக் கூடாதாமே கண்ணு. சட்டமாம்."